ரேஞ்ச்ஃபைண்டரில் மோட்டார் வைண்டர்: மாட்டுவதிலிருந்து கழற்றுவது வரை

தைப்பொங்கல் கழிந்து உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் சூடு பிடித்ததும், ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் ஃபிலிமைத் தானே சுற்றிவிடும் மோட்டார் வைண்டர் ஞாபகம் வரும். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் ரோலிலேயே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். ரோல் பிடிக்காமலே 36 படம் எடுத்ததாக நினைத்துக்கொள்வது, ரோல் நடுவில் வைண்டரைக் கழற்றி வெளிச்சம் விட்டுவிடுவது, கடைசிப் படத்தில் ஃபிலிமைக் கிழித்துவிடுவது ஆகிய மூன்றும்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கையால் லீவர் இழுக்கும்போது ரோல் பிடித்திருக்கிறதா, வழுக்குகிறதா, முடிந்துவிட்டதா என்பதையெல்லாம் இழுப்பின் கனத்திலேயே கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். மோட்டாருக்கு அது தெரியாது. அதனால் விரல் செய்துவந்த சோதனைகளை இனி கண்ணும் காதும் செய்ய வேண்டும், அதுவும் சரியான வரிசையில். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. உங்கள் கேமராவுக்கு வைண்டர் பொருந்துமா

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது வியூஃபைண்டரில் தெரியும் இரட்டைப் பிம்பத்தை ஒன்று சேர்த்து ஃபோகஸ் பிடிக்கும் கேமரா. இந்த வழிகாட்டி அவற்றில் லைக்கா எம் வகை ஃபிலிம் கேமராக்களை வைத்து எழுதப்பட்டது. எம்4-2, எம்4-பி, எம்6, எம்6 டிடிஎல், எம்7, எம்பி ஆகியவற்றில் கேமராவின் அடியில் வைண்டர் வந்து கோர்த்துக்கொள்ளும் இணைப்பு தொழிற்சாலையிலிருந்தே இருக்கும். எம்3, எம்2, எம்4 ஆகியவற்றின் சாதாரண உடல்களில் அது இல்லை. எம்5, சிஎல் இரண்டிலும் இல்லை. வெளித்தோற்றத்தில் எம்4-ம் எம்4-2-ம் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால், ‘எம்4 வைண்டர்’ என்று யாராவது விற்றால் எந்த உடலுக்கானது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லைக்காவிட் என்பது வேறு பொருள். அதுவும் கேமராவின் அடியை மூடும் அடித்தட்டு இருந்த இடத்தில்தான் மாட்டும், ஆனால் உள்ளே மோட்டார் கிடையாது, விரலால் இழுக்கும் கொக்கிதான். வாய்க்லேண்டர் பெசாவின் டிரிகர் வைண்டரும் அப்படியே. கான்டாக்ஸ் ஜி1, ஜி2, கோனிகா ஹெக்ஸார் ஆர்எஃப் ஆகியவற்றில் மோட்டார் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கேமராக்காரர்கள் 6, 7 ஆம் பகுதிகளுக்குப் போய்விடலாம். வீட்டுப் பரணில் கிடைத்த யாஷிகா எலெக்ட்ரோ 35-க்கு வைண்டர் தேடி அலைய வேண்டாம், அதற்கு அப்படி ஒன்று இல்லை.

பழைய வைண்டர் வாங்கும்போது உங்கள் உடலையும் கையோடு கொண்டுபோங்கள். ‘எம் வகைக்கு எல்லாம் பொருந்தும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். மாட்டி, ரோல் இல்லாமல் இருபது முறை அடித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

வைண்டருக்கான செல்கள், அதே அளவு உபரி ஒரு செட். பழைய வைண்டர் எம்4-2, வைண்டர் எம் இரண்டுக்கும் பென்டார்ச்சில் போடும் ஏஏ கட்டை 4 வேண்டும். பின்னால் வந்த மோட்டார்-எம்முக்கு சிஆர்123ஏ லித்தியம் செல் 2. ஏஏ கட்டை ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சிஆர்123ஏ-வைத் திருவிழா நடக்கும் ஊரில் தேடினால் கிடைக்காது, கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ முந்தின வாரமே வாங்கி வையுங்கள்.

காலாவதியான ரோல் ஒன்று. இது பழகுவதற்கு மட்டும். பத்து முறை மாட்டிக் கழற்றினாலும் கவலை இருக்காது.

ரப்பர் ப்ளோயர், பென்சில் அழிப்பான், வெளுத்த பருத்தித் துணி ஒன்று, சிறு பிளாஸ்டிக் பை ஒன்று.

கடைசியாக, கேமராவோடு வந்த அசல் அடித்தட்டு. வைண்டர் மாட்டும் நாளில் பலரும் இதை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டு ரோலுக்கு நடுவே வைண்டர் பழுதானால், அடித்தட்டு இல்லாத கேமரா அன்றைக்கு வெறும் எடைதான்.

3. செல் போடுவது

முதலில் செல் அறையின் உலோகத் தகடுகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், யாரோ செல்லை உள்ளே வைத்து மறந்திருக்கிறார்கள். ஆல்கலைன் செல்லின் கசிவு காரத்தன்மை உடையது. ஒரு பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ லேசாகத் தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த இன்னொரு குச்சியால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். சாறு சொட்டக்கூடாது, உள்ளே மோட்டாரின் கம்பிகள் இருக்கின்றன. தகடு வெறுமனே மங்கியிருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே போதும், தேய்த்த தூளை ப்ளோயரால் ஊதிவிடுங்கள்.

நான்கும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் பிரித்தவையாக இருக்கட்டும். மூன்று புதியதும் ஒன்று பழையதும் கலந்தால், பழையது முதலில் தீர்ந்து கசியத் தொடங்கும்.

ரீசார்ஜ் செல் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆல்கலைன் நான்கும் சேர்ந்து 6 வோல்ட். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், நான்குக்கும் சேர்த்து 4.8. மோட்டார் மெதுவாக ஓடும். உங்கள் வைண்டரில் வேலை செய்கிறதா என்பதைப் பழகும் ரோலில் பாருங்கள், முக்கியமான நாளில் புது ஆல்கலைன் போடுங்கள்.

கேமராவின் லைட் மீட்டருக்கான செல் வேறு, வைண்டர் செல் வேறு. எம்6-ல் வைண்டர் கட்டை தீர்ந்தாலும் மீட்டர் எரியும், மீட்டர் செல் தீர்ந்தாலும் வைண்டர் ஓடும். எம்7 மட்டும் கவனிக்க வேண்டியது. அதன் ஷட்டரே மின்சாரத்தில் இயங்குவதால், கேமராவின் செல் தீர்ந்தால் இரண்டு வேகங்களைத் தவிர மற்றவை கிடைக்காது.

4. ரோல் இல்லாமல் ஒத்திகை

ரோல் போடுவதற்கு முன் இதை ஒருமுறையாவது செய்தாக வேண்டும். இதைத் தாண்டிப்போகிறவர்கள்தான் மைதானத்தில் தடுமாறுகிறார்கள்.

வைண்டரின் சுவிட்சை அணையுங்கள். கேமராவின் லீவரை முழுதாக ஒரே இழுப்பில் இழுத்து, ஷட்டரை அடித்துவிடுங்கள். லைக்கா எம்மில் லீவரைப் பல சிறு இழுப்புகளாகவும் இழுக்க முடியும் என்பதால், பாதி ஏறிய நிலையில் யாராவது விட்டிருக்கலாம். அந்த நிலையில் வைண்டர் மாட்டினால் என்ன நிலைமையில் இருக்கிறோம் என்றே தெரியாது. ஒருமுறை இழுத்து அடித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

அடித்தட்டைக் கழற்றிப் பையில் வையுங்கள். வைண்டரின் ஒரு முனையைக் கேமராவின் பக்கவாட்டில் உள்ள முளையில் கொளுவி, மறுமுனையை மெதுவாக மூடுங்கள். அமுக்கக்கூடாது. இணைப்புப் பல் நேராக விழாவிட்டால் லேசாகத் தூக்கி, லீவரை ஒரு நூலளவு அசைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். உட்கார்ந்ததும் பூட்டுத் திருகியை முடியும் வரை திருப்புங்கள்.

‘முடியும் வரை’ என்பதில்தான் தவறு நடக்கிறது. முக்கால்வாசி திருப்பினாலும் வைண்டர் கீழே விழாது, அதனால் பூட்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இணைப்பு அரைகுறையாகத்தான் கடித்திருக்கும். அப்போது மோட்டார் ‘கரகர’வென்று அரைக்கும். நல்ல கோர்ப்பில் வரும் சத்தம் ஒரே சீரான ‘ர்ர்ரிக்’, கடைசியில் சட்டென்று நிற்கும். இந்த இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ரேக்ளாத் தடத்தில் கூட்டம் கத்தும்போது காதுக்குக் கேட்காது, ஆனால் அதே அதிர்வு கேமராவைப் பிடித்த உள்ளங்கைக்குத் தெரியும்.

இப்போது சுவிட்சைப் போட்டு, 1/250 வேகத்தில் இருபது முறை அடியுங்கள். ஒவ்வொரு முறையும் மோட்டார் ஓடி, நின்று, அடுத்த அடிக்குத் தயாராக வேண்டும். நிற்காமல் ஓடினால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டை மறுபடி பாருங்கள்.

5. ரோல் மாட்டுவது

மொத்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

நிழலுக்குப் போங்கள். நிழல் இல்லையென்றால் வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தை, மாசியில் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் காற்றில் புழுதி எப்போதும் மிதக்கும். வைண்டரைக் கழற்றியதும் தரையில் வைக்காதீர்கள். இணைப்புப் பல் மேலே பார்க்கும்படி துணியில் வைத்து, அதே துணியால் மூடுங்கள். பல்லில் ஒட்டும் ஒரு மணல் துகள் கேமராவுக்குள் போய் ஃபிலிம் போகும் தடத்தில் உட்கார்ந்தால், 36 படத்திலும் நீளவாக்கில் ஒரே கோடு விழும். அந்தக் கோட்டை எந்த லேபாலும் எடுக்க முடியாது.

பின்கதவைத் தூக்கி, உள்ளே ப்ளோயரால் இரண்டு முறை ஊதுங்கள். ஷட்டர் திரைமேல் நேராக ஊத வேண்டாம், அது துணி.

கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ரோலின் நாக்கை வெளியே இழுத்து, வலது கையில் கேசட்டும் இடது கையில் நாக்குமாகப் பிடித்து இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்குங்கள். எம்4-க்குப் பின் வந்தவற்றில் ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் மூன்று இதழ் ஸ்பூல் இருக்கும், நாக்கு அந்த இதழ்களுக்கு நடுவே போக வேண்டும். எப்படி என்று கேமராவின் உள்ளேயே ஒரு சிறு படம் அச்சிட்டிருப்பார்கள். நாக்கை அதிகம் இழுத்துவிட்டால் ஸ்பூலின் மறுபக்கம் நீட்டிக்கொண்டு மடங்கும், குறைவாக இழுத்தால் இதழ் பிடிக்காது. கேசட்டையும் ஃபிலிமையும் விரல்நுனியால் அடிவரை அழுத்துங்கள். ஃபிலிமின் துளைகள் பல்சக்கரத்தின் பற்களில் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பின்கதவை மூடி, வைண்டரை மாட்டி, பூட்டைக் கடைசிவரை திருப்புங்கள். சுவிட்ச் இன்னும் அணைந்தே இருக்கட்டும்.

இப்போது ரீவைண்ட் கைப்பிடியை அதன் அம்புக்குறித் திசையில் மெல்லச் சுழற்றி, கேசட்டுக்குள் இருக்கும் தளர்வை எடுங்கள். கை தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அப்புறம் லீவரைக் கையால் இழுங்கள். மோட்டாரால் அல்ல, கையால். இழுக்கும்போது ரீவைண்ட் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும். ஷட்டரை அடித்து இன்னொரு முறை இழுங்கள். மறுபடியும் சுழன்றால் ரோல் பிடித்துவிட்டது.

இந்த இரண்டு இழுப்பையும் மோட்டாரிடம் விட்டுவிட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். “ஏனுங்ணா, மோட்டார் சுத்துதுங்க, நம்பரும் ஏறுதுங்க, ஆனா ரோல் முழுசும் வெறுமையா வந்துருக்குதுங்க” என்று கேட்கிறவர்களின் கதை எப்போதும் இதுதான். படஎண் காட்டி ஷட்டர் ஏறும் எண்ணிக்கையைத்தான் எண்ணும், ஃபிலிம் நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. தெரிந்தது ரீவைண்ட் குமிழுக்கு மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. முன் ரோலைத் திருப்பிச் சுற்றியபோது ‘ஆர்’ குறிக்குத் திருப்பிய முன்பக்க நெம்பு, பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்பதும் இந்தக் கை இழுப்பிலேயே தெரிந்துவிடும்.

குமிழ் சுழல்வதைப் பார்த்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். எண் 1 வரும்வரை அடியுங்கள், அந்தச் சில அடிகளிலும் ஒரு கண் குமிழ்மேல் இருக்கட்டும்.

6. பட்டனை அழுத்தும் விதம்

பழைய வைண்டர்களில் ஆன், ஆஃப் இரண்டுதான். அழுத்தியே பிடித்தால் தொடர்ந்து ஓடும், விநாடிக்குச் சுமார் 3 படம். தொட்டு விட்டால் ஒன்று. மோட்டார்-எம்மில் வேகம் இரண்டு, விநாடிக்கு ஏறக்குறைய 1.5, அப்புறம் 3.

ஒரு படத்துக்கு ஃபிலிம் 8 துளை நகர்கிறது, அது 38 மி.மீ. படம் 36 மி.மீ., இடைவெளி 2 மி.மீ. விநாடிக்கு 3 படம் என்றால் ஃபிலிம் ஒரு விநாடியில் 11 செ.மீ.க்கு மேல் ஓடுகிறது. 36 படமும் 12 விநாடியில் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கைப் பட்டனில் விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விரலைப் பட்டனில் அரைவாசி அழுத்தி வைத்திருங்கள். மீட்டரும் எரியும், விரல் பயணப்பட வேண்டிய தூரமும் குறையும். குத்துவது போல் அழுத்தினால் கேமரா வலதுபக்கம் சாயும். வைண்டர் சேர்ந்த எடையில் அந்தச் சாய்வு பெரிதாகவே தெரியும்.

மெதுவான வேகங்களில், 1/30-க்குக் கீழே போனால், ஷட்டர் மூடும் சத்தம் கேட்கும்வரை பட்டனை விடாதீர்கள். மோட்டார் ஓடி நின்றபின் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததை அடியுங்கள். மோட்டாரின் அதிர்வு அடங்குவதற்குள் அடித்தால், லென்ஸ் கூர்மையாக இருந்தும் படம் கலங்கும்.

ஃப்ளாஷ் போட்டுத் தொடர்ந்து அடிக்க முடியாது. எம்6-ல் ஃப்ளாஷ் ஒத்துப்போகும் அதிகபட்ச வேகம் 1/50. அதோடு ஃப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஏற மோட்டாரைவிட அதிக நேரம் பிடிக்கும். இரண்டாவது படம் இருட்டாகத்தான் வரும்.

7. களத்தில்: ரேக்ளாவும் கும்மியும்

ரேஞ்ச்ஃபைண்டரில் ஓடிவரும் வண்டியைப் படத்துக்குப் படம் ஃபோகஸ் பிடிக்க முடியாது. இரட்டைப் பிம்பத்தை ஒன்று சேர்ப்பதற்குள் காளைகள் தாண்டிவிடும். அதனால் ஃபோகஸை முன்கூட்டியே ஓர் இடத்தில் வைத்துவிட்டு, வண்டி அந்த இடத்துக்குள் வரும்போது அடிக்க வேண்டும். கணக்கு இப்படி.

50 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 8, ஃபோகஸ் 7 மீட்டர். அப்போது ஏறத்தாழ 4.2 மீட்டரிலிருந்து 21 மீட்டர் வரை தெளிவாக விழும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 10 மீட்டர் ஓடும். அந்த 17 மீட்டரை அது 1.7 விநாடியில் கடந்துவிடும். விநாடிக்கு 3 படம் வீதம் உங்களுக்குக் கிடைப்பது 5 படம். அதற்கு மேல் அழுத்திப் பிடித்திருந்தால் ஃபிலிம்தான் வீண்.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே வண்டி 3 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். கால்கள் நான்கும் தரையை விட்ட நொடி அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிடலாம். ஆகவே முதல் படத்தை நீங்கள் பார்த்து அடியுங்கள், அதற்குப் பின் வரும் இரண்டு மூன்றை மட்டும் மோட்டார் எடுக்கட்டும். நல்ல படம் பெரும்பாலும் அந்த முதலாவதாகவே இருக்கும். கையில் வைண்டர் இருக்கிறது என்பதற்காகக் கண்ணைத் தளர்த்தினால், வரிசையாக ஐந்து சுமாரான படங்கள்தான் மிஞ்சும்.

வெயில் நன்றாக அடிக்கும் முற்பகலில் ஐஎஸ்ஓ 200 ரோலுக்கு எஃப் 8, 1/1000 சரியாக வரும். அந்த வேகத்தில் வண்டி ஒரு செ.மீ.தான் நகர்ந்திருக்கும். ஐஎஸ்ஓ 400 போட்டால் எஃப் 11, 1/1000 வையுங்கள். எம்6-ன் உச்சவேகம் 1/1000 என்பதால், 400-ஐப் போட்டு அப்பர்ச்சரைத் திறந்தால் வெளிச்சம் மிஞ்சிவிடும்.

7 மீட்டரில் 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 5 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். கயிற்றுக்கு வெளியே, தடத்துக்குச் சற்றுச் சாய்வான கோணத்தில் நில்லுங்கள். தடத்தில் கிடக்கும் ஒரு கல்லையோ கோட்டையோ பார்த்து ஃபோகஸ் வைத்துக்கொண்டு, அதன்பின் வளையத்தைத் தொடாதீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடி எழும்பி இருட்டடிப்பதில்லை, சட்டத்துக்கு வெளியேயும் தெரியும். வண்டி உள்ளே நுழைவதற்கு முன்பே அதைப் பார்க்கலாம். வியூஃபைண்டரின் இந்த வசதிதான் மோட்டாரைவிடப் பெரிய உதவி.

எல்லைக்கோட்டைத் தாண்டிய பின்னும் காளைகள் சட்டென நிற்காது. கண் கேமராவில் இருக்கும்போது பக்கத்தில் வருவது தெரியாது என்பதால், தடத்தின் முடிவில் நேர் எதிரே ஒருபோதும் நிற்காதீர்கள்.

மாலையில் நடக்கும் வள்ளிக் கும்மிக்குத் தொடர் ஓட்டம் வேண்டாம். கைகள் தட்டும் தாளம் மோட்டாரின் தாளத்தோடு சேராது. அழுத்திப் பிடித்தால் கை விரிந்தும் பாதி மூடியும் உள்ள படங்களே வரும். வைண்டரின் பயன் அங்கே வேறு. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், கட்டைவிரலை அசைக்காமல் அடுத்த படத்துக்குத் தயாராக இருக்கலாம். ஒவ்வொரு கைத்தட்டலுக்கும் ஒரு தொடுதல், ஒரு படம். பெருஞ்சலங்கை ஆட்டத்திலும் இதே முறைதான். சலங்கைச் சத்தத்தில் மோட்டார் சத்தம் யாருக்கும் கேட்காது. கோயிலுக்குள் பூசை நேரத்திலோ கண்டிப்பாகக் கேட்கும், அங்கே சுவிட்சை அணைத்துவிட்டு லீவரையே பயன்படுத்துங்கள். வைண்டர் மாட்டியிருந்தாலும் கையால் சுற்றலாம்.

8. ரோல் நடுவில் செல் தீர்ந்தால்

சுவிட்சை அணைத்துவிட்டு லீவரால் தொடருங்கள். வைண்டரை மட்டும் கழற்றாதீர்கள்.

அடித்தட்டின் இடத்தில்தான் வைண்டர் இருக்கிறது. அதைக் கழற்றுவது கேமராவைத் திறப்பதற்குச் சமம். அடிவழியாக வெளிச்சம் போய் ஃபிலிமின் ஓரம் கருகும், படஎண் காட்டியும் பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். அப்புறம் எத்தனை எடுத்தோம் என்பதும் தெரியாது. செல் மூடி உங்கள் மாடலில் எந்தப் பக்கம் திறக்கிறது, கழற்றாமல் மாற்ற முடியுமா என்பதையெல்லாம் 4 ஆம் படி ஒத்திகையிலேயே பழகியிருக்க வேண்டும்.

தெரியாமல் கழற்றிவிட்டீர்கள் என்றால் உடனே மாட்டுங்கள், எத்தனை படம் எடுத்தீர்கள் என்று நினைவிலிருந்து எழுதி வையுங்கள். பின்கதவைத் தூக்காதவரை எல்லாம் போய்விடாது, கடைசியாக எடுத்த சில படங்கள்தான் அதிகம் அடிபடும்.

9. கடைசிப் படங்கள்

எண் 33 வந்ததும் தொடர் ஓட்டத்தை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். 35-ல் சுவிட்சை அணைத்துவிட்டு, மீதியைக் கையால் சுற்றுங்கள்.

ஃபிலிமின் வால் கேசட்டின் தண்டில் ஒரு சிறு டேப்பால்தான் ஒட்டியிருக்கிறது. முடிவுக்கு வந்த ஃபிலிமை மோட்டார் இழுத்தால் துளைகள் கிழியும், மோசமானால் டேப் பிய்ந்து ஃபிலிம் முழுவதும் ஸ்பூலிலேயே தங்கிவிடும். கட்டைவிரலுக்கு அந்தக் கனம் உடனே தெரியும், இழுப்பதை நிறுத்திவிடலாம். ஒரு படம் கூடுதலாகக் கிடைக்குமே என்ற ஆசையில்தான் இங்கே ரோல் போகிறது.

மோட்டார் முனகி நின்றால் மறுபடி பட்டனை அழுத்தாதீர்கள், லீவரையும் வலிந்து இழுக்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு நேராக அடுத்த படிக்குப் போங்கள். லீவர் பாதியில் நிற்பது பற்றிக் கவலை வேண்டாம்.

டேப் பிய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கும் வழி: ‘ஆர்’ குறிக்கு நெம்பைத் திருப்பிய பின் ரீவைண்ட் கைப்பிடி எந்தக் கனமும் இல்லாமல் தட்டாமாலை போலச் சுற்றும். அப்படியானால் வெளிச்சத்தில் திறக்கக்கூடாது. இருட்டுப் பையிலோ முழு இருட்டறையிலோ திறந்து, ஃபிலிமைக் கையால் சுருட்டி, ஒளி புகாத டப்பாவில் போட்டு, லேபில் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

10. திருப்பிச் சுற்றுவது

இந்த வைண்டர்கள் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றாது, அது கைவேலைதான். வரிசை: சுவிட்சை அணைப்பது, முன்பக்க நெம்பை ‘ஆர்’ பக்கம் திருப்புவது, ரீவைண்ட் கைப்பிடியை விரித்து அம்புத் திசையில் சுற்றுவது, கடைசியில் வைண்டரைக் கழற்றுவது.

நெம்பைத் திருப்பாமல் சுற்றினால் கனமாக இருக்கும். அப்போது பலம் போடுவது பெரிய தவறு, துளை கிழியும். சரியாகத் திருப்பியிருந்தால் மெல்லிய சீரான கனம்தான் இருக்கும்.

அவசரம் கூடாது. பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துப் பகல் காற்று வறண்டு கிடக்கும். அந்தக் காற்றில் ஃபிலிமை வேகமாக இழுத்தால் நிலைமின்சாரம் பொறி விட்டு, நெகட்டிவில் மரக்கிளை போன்ற கீறல்கள் விழும். அதை லேபின் தவறு என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகம் போதும்.

கடைசியில் ஸ்பூலிலிருந்து நாக்கு விடுபடும்போது கையில் ஒரு சிறு ‘டக்’ தெரியும், அதன்பின் கனமே இருக்காது. இன்னும் நான்கு சுற்று சுற்றி நாக்கை முழுதாக உள்ளே இழுத்துவிடுங்கள். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எடுத்த ரோலைப் புது ரோல் என்று நினைத்து மறுபடி மாட்டிவிடும் ஆபத்து உண்டு. அதற்குப் பிறகே பூட்டைத் திறங்கள்.

11. அடிக்கடி வரும் கோளாறுகள்

மோட்டார் அசையவே இல்லை என்றால் செல்லின் திசை, தகட்டில் பூத்த கறை, பூட்டு என்ற வரிசையில் பாருங்கள். இந்த மூன்றிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஓடாவிட்டால் மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், திருகாணியைத் தொடாதீர்கள்.

முதல் பத்துப் படம் வேகமாகவும் பின்னால் வரவர மெதுவாகவும் ஓடினால் செல் தீர்ந்துகொண்டிருக்கிறது. புது செல் போட்டும் அப்படியே இருந்தால், கேமராவின் சுற்று அமைப்பே கனத்துப்போயிருக்கலாம். லீவரைக் கையால் இழுத்துப் பாருங்கள். பழைய கிரீஸ் காய்ந்த கேமராவில் லீவரும் கனக்கும். அதைச் சர்வீஸ் செய்யாமல் மோட்டார் மாட்டி ஓட்டினால் உள்ளே பற்கள் தேயும்.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் படங்களின் இடைவெளியைப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய 2 மி.மீ. இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒட்டியும் ஓரிடத்தில் அகன்றும் இருந்தால், ரோல் முழுவதும் லீவரால் மட்டும் சுற்றி இன்னொரு சோதனை எடுங்கள். அதிலும் அப்படியே வந்தால் கோளாறு கேமராவில், வராவிட்டால் வைண்டரில். இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் போனால் பழுதுபார்ப்பவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் பணம் மிச்சம்.

நீளவாக்கில் கோடு விழுந்தால் பின்கதவின் அழுத்தத் தகட்டை ப்ளோயரால் ஊதி, சுத்தமான துணியால் நீளவாக்கில் துடையுங்கள். கோடு ஒரு ரோலில் மட்டும் விழுந்திருந்தால், கேசட்டின் வாயிலிருக்கும் வெல்வெட்டில் மணல் சிக்கியிருந்திருக்கும்.

12. வேலை முடிந்தபின்

வீட்டுக்கு வந்ததும் வைண்டரைக் கழற்றி, செல்லை எடுத்துத் தனியே வையுங்கள். ‘அடுத்த ஞாயிறும் போகத்தானே போறோம்’ என்று விட்டுவிட்டால், அடுத்த தைக்குத்தான் ஞாபகம் வரும். அதற்குள் செல் கசிந்திருக்கும்.

இணைப்புப் பல்லை ஊதி, உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள். புழுதியோடு சேர்ந்து அது அரைக்கும் பசையாகிவிடும்.

வால்பாறை போய் வருகிறவர்களுக்கு ஒன்று. 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஆழியாறு வந்து சேரும்போது கேமரா குளிர்ந்திருக்கும், கீழே காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கலாம். உடனே வெளியே எடுத்தால் லென்ஸிலும் செல் தகட்டிலும் பனித்துளி படியும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அரைமணி நேரம் கழித்துத் திறங்கள்.

கேமராவுக்கு அசல் அடித்தட்டை மாட்டி, லீவரை இழுக்காமல், ஷட்டர் ஏறாத நிலையில் வையுங்கள். வைண்டரைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு தனிப் பையில் போட்டு, எத்தனை ரோல் ஓடியது, செல் என்றைக்குப் போட்டது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.